இந்தக் குழாய்க்கா அம்புட்டுக் காசு?

உள்ளரங்கில் நடக்கும் எந்தப் பள்ளிப் போட்டிக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். ஆட்டம் நடக்கும்போது கேலரியில் பாதிப் பேர் செல்போனை உயர்த்திப் பிடித்திருப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் குனிந்து, எடுத்த படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். "சரியா வரலையே" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கோப்பையோடு நிற்கும்போது எடுத்த படம் பளிச்சென்று இருக்கும். ஆடும்போது எடுத்த படத்திலோ பிள்ளை இருக்கவேண்டிய இடத்தில் கலங்கலாக ஒரு சாயம்தான் தெரியும்.

என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பேட்மின்டன் ஆடுகிறாள். இப்போது பிளஸ் ஒன். பிளஸ் டூ வந்துவிட்டால் பேட்டைப் பரணில் போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எழுதப்படாத ஒப்பந்தம். ஆக, அவள் ஆடுவதைப் படம் எடுக்க எனக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வருடம். இத்தனை வருடத்தில் அவள் வாங்கிய சான்றிதழ்கள் ஒரு ஃபைல் நிறைய இருக்கின்றன. ஆடும்போது அவள் முகம் தெளிவாகத் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் லென்ஸ் தேட ஆரம்பித்தேன்.

நான் மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவள். கேமரா விஷயத்தில் கற்றுக்குட்டிதான். வீட்டில் நிக்கான் டி5600 ஒன்று இருந்தது. கூடவே வந்த லென்ஸ்கள் இரண்டு: ஒன்று 18-55, இன்னொன்று 70-300. கொடைக்கானல் மலைக்கும் கோயில் கோபுரத்துக்கும் அவை தாராளம். "முந்நூறு வரைக்கும் இழுக்குதே, அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடப்போனதில்தான் எனக்கு இந்த லென்ஸ் கணக்கே புரிந்தது.

அரங்குக்குள் அவ்வளவு இருட்டா?

நம் கண்ணுக்கு உள்ளரங்கம் வெளிச்சமாகத்தான் தெரியும். உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே கண் பழகிவிடுகிறது. கேமராவுக்கு அந்தச் சமாதானம் எல்லாம் தெரியாது. உச்சி வெயிலில் வெளிச்சம் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். சாதாரண உள்ளரங்கில் 500 லக்ஸ் இருந்தாலே நல்ல விளக்கு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதாவது வெயிலில் இருநூறில் ஒரு பங்கு.

பேட்மின்டனில் இன்னும் கஷ்டம். சட்டில்காக் ஒன்றின் எடை ஐந்து கிராம் வாக்கில்தான். லேசாகக் காற்றடித்தாலும் திசை மாறும். அதனால் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிடுவார்கள். வெள்ளை இறகு கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று சுவருக்குக் கரும்பச்சையோ கருநீலமோ அடித்திருப்பார்கள். ஃபிளாஷ் அடித்தால் ஆடுகிறவரின் கண் கூசும் என்பதால் அதுவும் கூடாது.

இதில் வேகம் வேறு. நம் நாட்டு வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023ல் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்மாஷ் அடித்துக் கின்னஸ் சாதனை படைத்தார். அந்த வேகத்தில் வரும் சட்டில், ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரத்துக்குள் 15 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் அவ்வளவு வேகமாக அடிக்க மாட்டார்கள்தான். ஆனாலும் அடிக்கிற கையும் தாவுகிற காலும் கலங்காமல் நிற்க வேண்டுமென்றால், ஷட்டர் ஸ்பீடு 1/1000 வைத்துத்தான் ஆகவேண்டும். வெளிச்சமும் குறைவு, கேமரா கண் திறந்திருக்கும் நேரமும் குறைவு. செல்போனும் சாதாரண லென்ஸும் திணறுவது இங்கேதான்.

நீளத்தைப் பார்க்காதீங்க, வாயைப் பாருங்க

எங்கள் தெருவில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிற தம்பி ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் என் லென்ஸைக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, எல்லாரும் இதோட நீளத்தைத்தான் பாக்குறாங்க. நீங்க வாயைப் பாருங்க" என்றார்.

லென்ஸின் விளிம்பில் இரண்டு எண்கள் இருக்கும். என்னுடையதில் 70-300 என்றும், பக்கத்தில் 1:4.5-6.3 என்றும் எழுதியிருந்தது. முதல் எண் எவ்வளவு தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் கொண்டுவரும் என்பதற்கு. இரண்டாவது எண், வெளிச்சம் நுழைகிற வழி எவ்வளவு அகலம் என்பதற்கு. இந்த எண் சின்னதாக இருந்தால் வழி பெரிது. 300 எம்எம்மை 6.3 ஆல் வகுத்தால் சுமார் 48 மில்லிமீட்டர். அதுதான் என் லென்ஸ் முழுசாக நீண்டிருக்கும்போது அதன் திறப்பு. 200 எம்எம், எஃப் 2.8 லென்ஸ் என்றால் 200ஐ 2.8 ஆல் வகுக்க வேண்டும். 71 மில்லிமீட்டர். நம் வீட்டுக் காபி டம்ளரின் வாய் அளவுக்குத் திறப்பு!

அந்த அளவுக்குக் கண்ணாடி வேண்டும். ஒன்றிரண்டு இல்லை, உள்ளே இருபது வில்லைகள்கூட அடுக்கியிருப்பார்கள். அதனால்தான் அந்த லென்ஸ் தடிமனாகவும், ஒன்றரைக் கிலோ எடையாகவும் இருக்கிறது. விலையும் அதனால்தான். கேமரா கம்பெனிகளின் புதிய 70-200 எஃப் 2.8 லென்ஸ்கள் இரண்டு லட்சத்தைத் தொடுகின்றன, சில தாண்டுகின்றன.

இதைக் கேட்டதும் என் மாமியார், "ஏத்தா, இந்தக் குழாய்க்கா அம்புட்டுக் காசு?" என்றார். "குழாய்க்கு இல்ல அத்தை, அதோட வாய்க்கு" என்றேன். அவர் சமாதானம் ஆகவில்லை.

இன்னொரு விஷயத்தையும் தம்பி தெளிவாகச் சொன்னார். லென்ஸ்களில் 'விஆர்', 'ஐஎஸ்', 'விசி' என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் நடுக்கத்தைத் தடுக்கும் வசதி இருக்கும். அது தடுப்பது நம் கை நடுக்கத்தை மட்டும்தான். எதிரே ஓடுகிற பிள்ளையை அது நிறுத்தாது. கடைக்காரர் இந்த வசதியைப் பெரிதாகச் சொன்னாலும், விளையாட்டைப் படம் எடுக்க வேண்டியது திறப்புதான்.

பழைய படங்களே வழி சொல்லும்

எனக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்பதை என் பழைய படங்களிடமே கேட்டேன். டிஜிட்டல் கேமராவில் எடுத்த ஒவ்வொரு படத்துக்குள்ளும், அது எத்தனை எம்எம்மில் எடுக்கப்பட்டது என்ற விவரம் பதிவாகியிருக்கும். கணினியில் படத்தின் 'ப்ராப்பர்ட்டீஸ்' போய்ப் பார்த்தால் தெரியும். முந்தின வருடம் கலங்கலாக வந்த முந்நூறு சொச்சம் படங்களையும் பார்த்துக் குறித்தேன். பெரும்பாலானவை 90க்கும் 170க்கும் நடுவில் இருந்தன. 300ஐத் தொட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

அது ஏன் என்று பிறகு புரிந்தது. பேட்மின்டன் களத்தின் நீளம் 13.4 மீட்டர். களத்துக்குப் பின்னால் மூலையில் நான் உட்கார்ந்தால், எதிர்ப்பக்கம் ஆடுகிறவர் சுமார் 12 மீட்டரில் இருப்பார். என் கேமராவின் சென்சார் சின்னது. அதில் 200 எம்எம் என்பது பெரிய சென்சார் கேமராவில் 300 எம்எம் போட்டது போலக் காட்டும். 12 மீட்டரில் 200 வைத்தால், கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினாலும் 1.4 மீட்டர் உயரம்தான் சட்டத்துக்குள் வரும். என் மகள் அதைவிட உயரம். எட்டிக் குதித்தால் பேட் வெளியே போய்விடும். 135 வைத்தால் இரண்டு மீட்டருக்கு மேல் கிடைக்கும். ஆக, 200 வரை போகிற லென்ஸ் எனக்குத் தாராளம். முந்நூறும் நானூறும் மைதானத்தில் கிரிக்கெட் எடுப்பவர்களுக்கு.

அடுத்து திறப்புக் கணக்கு. எங்கள் அரங்கில் 1/1000 ஷட்டர் ஸ்பீடு வைத்தால் எந்தத் திறப்புக்கு எவ்வளவு ஐஎஸ்ஓ தேவைப்படும் என்று நோட்டில் எழுதினேன். ஐஎஸ்ஓ என்பது கிடைக்கிற வெளிச்சத்தைக் கேமரா கூட்டிக் காட்டுகிற அளவு. அது ஏற ஏறப் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் வரும். எஃப் 1.8 என்றால் 1600 போதும். 2.8 என்றால் 4000. எஃப் 4 என்றால் 8000. என்னிடமிருந்த லென்ஸ் பாதி நீண்டதுமே 5.6க்குப் போய்விடும், அப்போது 16,000. என் கேமராவில் 6400 வரை முகம் முகமாக இருக்கும். அதற்கு மேல் போனால் புருவமும் கண்ணும் ஒன்றாகிவிடும்.

ஆக, எஃப் 4 லென்ஸ் கழிந்தது. எடை பாதிதான், விலையும் குறைவு. வெயிலில் அருமையான லென்ஸ். ஆனால் எங்கள் அரங்குக்கு ஒரு படி போதவில்லை. மீதி இரண்டு: 85 எம்எம் எஃப் 1.8, அல்லது 70-200 எஃப் 2.8. முதலாவது 350 கிராம்தான், காசும் கட்டுப்படியாகும். ஆனால் நீளம் மாற்ற முடியாது. இரண்டாவது எடையும் அதிகம், செலவும் அதிகம், ஆனால் முன்னே பின்னே இழுக்கலாம்.

ஒரு நாள் வாடகை

முடிவெடுக்கும் முன் இரண்டையும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்குக் கொண்டுபோனேன். பெரிய லென்ஸுக்கு 1,200 ரூபாய், சின்னதற்கு 500. ஆதார் நகல் கொடுத்து, முன்பணம் கட்டினால் தந்துவிடுகிறார்கள். இந்த 1,700 ரூபாய் சொன்னதைப் போல எந்த வீடியோவும் எனக்குச் சொல்லவில்லை.

85 எம்எம்மில் வந்த படங்களைப் பார்த்து அசந்துபோனேன். அவ்வளவு சுத்தம். என் மகள் பின்கோட்டில் நின்றபோது அவள் சட்டத்தில் சின்னதாகத்தான் வந்தாள், ஆனால் 24 மெகாபிக்சல் படம் என்பதால் வெட்டிப் பெரிதாக்க முடிந்தது. ஒற்றையர் ஆட்டத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்து எடுப்பவருக்கு இதுவே போதும் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் என் மகள் இரட்டையரும் ஆடுகிறாள். அதில் ஒரு நொடி வலையருகே, அடுத்த நொடி பின்கோட்டில். எனக்கும் அவளுக்கும் உள்ள தூரம் எட்டுக்கும் பதினான்குக்கும் நடுவில் ஊஞ்சல் ஆடுகிறது. அந்த இடத்தில் ஜூம் லென்ஸ்தான் கைகொடுத்தது.

"அப்ப போட்டிக்குப் போட்டி வாடகைக்கே எடுத்துக்கலாமே?" என்றார் வீட்டுக்காரர். அதையும் கணக்குப் போட்டேன். வருடத்துக்கு ஆறேழு போட்டி, ஒவ்வொன்றும் இரண்டு நாள். பதினைந்தாயிரத்துக்கு மேல் வரும். அதோடு போட்டிகள் சனி, ஞாயிறுகளில் நடக்கும். அன்றைக்கே முகூர்த்தமும் இருந்தால் ஊரில் இருக்கும் வாடகை லென்ஸ் எல்லாம் கல்யாண மண்டபத்தில்தான் இருக்கும். பழைய லென்ஸ் ஒன்றை வாங்கி ஒரு வருடம் வைத்திருந்து விற்றால், இழப்பும் கிட்டத்தட்ட அந்தப் பதினைந்தாயிரம்தான். இதைத் தாளில் எழுதிக் காட்டியதும் அவர் ஒப்புக்கொண்டார்.

பணம் சீட்டில் இருந்து வரவேண்டும். அந்தச் சீட்டுப் பணத்தைப் பேத்தியின் வளையலுக்கு என்று மாமியார் மனதில் ஒதுக்கி வைத்திருந்தார். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், "சரி, வாங்கிக்க. ஆனா அடுத்த சீட்டு வளையலுக்குத்தான்" என்றார். சரி என்றேன்.

டார்ச் அடித்துப் பாருங்கள்

58,000 ரூபாய்க்கு வாங்கியது டாம்ரான் 70-200 எஃப் 2.8, ஜி2 என்கிற இரண்டாம் தலைமுறை. பழையது வாங்க நினைப்பவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சகஜம். செல்போன் டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து அடித்து மறுபக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி நூல் போலவோ பஞ்சு போலவோ தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒன்றிரண்டு தூசி இருந்தால் பயமில்லை. கீழே விழுந்த அடையாளம் இருக்கிறதா, கேமராவில் மாட்டும் உலோக வளையத்தின் திருகுகளைக் கழற்றிப் பூட்டிய கீறல் இருக்கிறதா என்று கவனியுங்கள். உங்கள் கேமராவையே கொண்டுபோய் மாட்டி, பக்கத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று என்று மாற்றி மாற்றி ஃபோகஸ் செய்து பாருங்கள்.

இதைவிட முக்கியமானது, அது உங்கள் கேமராவுக்குப் பொருந்துமா என்பது. எனக்கு வந்த விளம்பரங்களிலேயே விலை குறைவானது நிக்கானின் பழைய 80-200 எஃப் 2.8டி. நல்ல கண்ணாடி என்று பெயர் பெற்றது. ஆனால் அதற்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. என் கேமராவுக்குள்ளும் கிடையாது. மாட்டினால் மாட்டும், ஆனால் கையால்தான் ஃபோகஸ் திருக வேண்டும். ஓடுகிற பிள்ளையை அப்படி எடுப்பது ஆகிற காரியம் இல்லை.

வாங்கிய பிறகு பீரோவில் துணியோடு துணியாக வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். கூடவே ஒற்றைக்கால் ஸ்டாண்ட் ஒன்றும் வாங்கினேன். மின்விசிறி இல்லாத அரங்கில், வியர்த்த கையோடு, ஒன்றரைக் கிலோவை நான்கு மணி நேரம் தூக்கிப் பார்த்தால் அதன் அருமை தெரியும்.

பாதிப் படம் அடுத்த வீட்டுப் பிள்ளைகள்

திறப்பு பெரிதானால் வேறொரு விலையும் கொடுக்க வேண்டும். ஆறு மீட்டர் தூரத்தில் 135 எம்எம், எஃப் 2.8 வைத்தால், படத்தில் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் ஒரு சாண்தான். முகம் தெளிவாக இருந்தால் நீட்டிய பேட் கலங்கும். எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். நான் எப்போதும் கண்ணைத்தான் பிடிப்பேன். எல்இடி விளக்குகள் சில அரங்குகளில் நொடிக்கு நூறு முறை மங்கித் தெளியும். நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 1/1000ல் ஒரு படம் வெளிறியும் அடுத்தது மஞ்சளாகவும் வரும். புதிய கேமராக்கள் பலவற்றில் அதைச் சமாளிக்க வசதி உண்டு. இல்லாதவர்கள் நாலைந்து படம் தொடர்ந்து எடுத்து நல்லதை வைத்துக்கொள்ளலாம்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. களத்தின் பின்னால் உட்கார்ந்தால், என் மகள் எதிர்ப்பக்கம் ஆடும்போதுதான் அவள் முகம் தெரியும். பக்கம் மாறி என் முன்னால் வந்துவிட்டால் அவள் முதுகுதான். அப்போது எதிரே ஆடுகிற பெண்ணின் முகம் லென்ஸுக்குள் வரும். அவளை எடுக்காமல் எப்படி இருப்பது? அப்படி என் கார்டில் பாதிப் படங்கள் அடுத்த வீட்டுப் பிள்ளைகள். ஆட்டம் முடிந்ததும் அவர்களுடைய அம்மாவையோ அப்பாவையோ தேடிப்போய்க் காட்டுவேன். வேண்டும் என்றால் அவர்களுக்கு மட்டும் அனுப்புவேன், வேண்டாம் என்றால் அங்கேயே அழித்துவிடுவேன். பெண் பிள்ளைகளின் படத்தை வேறு எங்கும் போடுவதில்லை. பூக்கட்டி விற்கும் ஓர் அம்மா, வியாபாரத்தை விட்டு வரமுடியாததால் மகள் ஆடி ஒருமுறைகூடப் பார்த்ததில்லையாம். படம் கிடைத்த ராத்திரி எனக்குப் போன் செய்தார். "அவ மூஞ்சி இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார். வேறு எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டார்.

என் மகள் எனக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "நான் தோக்குறப்ப எடுக்காதம்மா." மாவட்டப் போட்டிக் காலிறுதியில் மூன்றாவது செட்டில் 18-20 என்று வந்தபோது கேமராவை மடியில் வைத்துவிட்டேன். கடைசிப் பாயின்ட்டை வெறுங்கண்ணால் பார்த்தேன். தோற்றுத்தான் போனாள்.

அன்றைக்கு எடுத்த நானூறு படங்களை இரவில் அவளே உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தாள். வலையருகே விழப்போகிற சட்டிலுக்கு, வலது காலை நீட்டிப் பாய்ந்து, தரைக்கு ஒரு விரல்கடை மேலே பேட்டைக் கொடுத்திருக்கிறாள். கண் இரண்டும் சட்டில் மேல் இருக்கிறது. நெற்றியில் வழிகிற வியர்வைகூடத் தெரிகிறது.

"இது வலையில பட்டுப் போன பாயின்ட்டுடி" என்றேன்.

"தெரியும். ஆனா எட்டிட்டேன்ல?" என்றாள்.

என்னிடம் இப்போது அரங்கில் பலர் வந்து, "என்ன லென்ஸ்ங்க இது, நாங்களும் வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். எந்த மாடல் என்று சொல்லும் முன் நான் மூன்று கேள்விகள் கேட்கிறேன். உங்கள் பிள்ளை என்ன ஆடுகிறது? எவ்வளவு தூரத்தில் உட்கார்வீர்கள்? அங்கே வெளிச்சம் எப்படி? சபாவில் பரதநாட்டியம் என்றால் மேடை விளக்கு நன்றாக இருக்கும், 1/250 போதும், எஃப் 4 லென்ஸிலேயே நல்ல படம் வரும். பள்ளி ஆண்டுவிழாவில் முன்வரிசை கிடைக்கும் என்றால் 85 எம்எம் எஃப் 1.8 போதும், மிச்சக் காசில் பிள்ளைக்கு நல்ல ஷூ வாங்கலாம். உள்ளரங்கக் கபடி, சிலம்பம், பேட்மின்டன் என்றால் 70-200 எஃப் 2.8. எதுவானாலும் முதலில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து எடுத்துப் பாருங்கள். முகூர்த்த நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், லென்ஸ் கிடைக்கும்.